சகலை பார்த்த புகை

“…இதுலயும் அதே பொகைதான் சகல. நட்டநடுவுல வந்து நிக்கிது. வேணும்னா நீயே பாரு” என்று சொல்லிவிட்டு, என் சகலை துப்பாக்கியை மேசைமேலேயே என் பக்கம் நகர்த்தினார். அது நாங்கள் மாற்றி மாற்றி வாங்கியதில் மூன்றாவது ஸ்கோப். துப்பாக்கியின் மேல் பொருத்தியிருக்கும் அந்தக் குழாய் வழியே பார்த்தால், பத்து மீட்டர் தள்ளித் தாளில் அச்சிட்டிருக்கும் கறுப்பு வட்டம் மூக்குக்கு முன்னால் வந்துவிடும். அதன்மேல் இரண்டு மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியை வட்டத்தின் நடுவில் நிறுத்திச் சுட வேண்டும். எல்லாருக்கும் அப்படித்தான் தெரிந்தது. சகலைக்கு மட்டும் கோடுகள் வெட்டிக்கொள்ளும் அந்த இடத்தில், வேறெங்கும் இல்லாமல் சரியாக அந்த இடத்தில், பச்சை விறகு எரிந்தாற்போல ஒரு புகை நின்றது.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். ஆலங்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே ஓடும் தனியார் பேருந்தில் டிரைவர். எனக்கு ஆலங்குடி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கடைக்கு வருகிற தாள்களைப் படித்தும், தாள் கொண்டுவருகிறவர்களின் வாயைக் கேட்டும் கற்றுக்கொண்டதுதான் என் எழுத்து. அப்படி வந்த ஒரு முந்திரிக்கொட்டை வியாபாரி அம்மா சகலையைப் பற்றிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அந்த வண்டியில ஏறி உக்காந்துட்டா நம்ம கண்ணை மூடிக்கலாம்பா. அதான் அந்த மனுசன் தொறந்து வச்சிருக்காருல்ல.” டிரைவருக்கு இதைவிட நல்ல பேர் என்ன வேண்டும்?

அந்தக் கண்ணில்தான் புகை இருந்தது. கண்ணாடியில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒளித்துவைத்துச் சொல்லும் அளவுக்கு இது கதை இல்லை. சர்க்கரை நோய் அவருடைய வலது கண்ணின் உள்ளே இறங்கியிருந்தது. வெளியே தெரிந்தால் ஸ்டியரிங்கை விட வேண்டும். அதே பேருந்து முதலாளியிடம் வேலை பார்த்த இன்னொரு டிரைவருக்குப் பார்வை குறைந்ததும், அவரை ஷெட்டில் டயர் உருட்டவும் வண்டி கழுவவும் விட்டுவிட்டார்கள். சகலை அந்த ஆளைத் தினமும் பார்த்தவர். சொன்னால் வண்டி போய்விடும். சொல்லாமல் இருந்தால் கண்ணே போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் அவர் என்னோடு துப்பாக்கி தேர்ந்தெடுத்தார்.

தொடக்கம் திருவரங்குளத்துத் திருவிழாவில். இரண்டு குடும்பமும் போயிருந்தோம். பலூன் சுடும் கடை முன்னால் சகலை நின்றுவிட்டார். கல்யாணமான புதிதில் அதே மாதிரிக் கடையில் வரிசையாகச் சுட்டுத் தள்ளி, கடைக்காரரைக் கையெடுத்துக் கும்பிட வைத்தவர். அன்றைக்கு ஒன்றுகூட உடையவில்லை. பலூன்களுக்கு இடையில் இருந்த சாக்குத் துணியைத்தான் சுட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி சும்மா இருப்பாளா, “என்ன மச்சான், பலூனுக்குப் பாவம் பாக்குறீங்களா?” என்றாள். எல்லாரும் சிரித்தோம். சகலையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “குழலு வளைஞ்சிருக்குய்யா” என்று கடைக்காரரிடம் கொடுத்தார். அந்த வாரமே என் கடையில் வந்து உட்கார்ந்து, “சகல, நாம ஒரு நல்ல துப்பாக்கி வாங்குவோம். புதுக்கோட்டையில சுடுற கிளப்பு இருக்காம். ஞாயித்துக்கிழமை போயிட்டு வருவோம்” என்றார். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர். எனக்குத் தொப்பை, அவருக்குச் சர்க்கரை. ஆனாலும் எனக்கு ஆசை வந்துவிட்டது. அவர் கூப்பிட்டு நான் போகாத இடம் கிடையாது.

ஊர் சும்மா விடவில்லை. டீக்கடையில், “என்ன டிரைவரே, ஓவர்டேக் பண்றவனை எல்லாம் போட்டுத் தள்ளப் போறீகளா?” என்று கேட்டார்கள். என் மனைவியின் அக்கா, “வீட்டுல ஒரு எலியை அடிக்கத் துப்பு இல்ல, இதுல துப்பாக்கி” என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தார். காற்றழுத்தத்தில் ஈயக் குண்டைத் தள்ளும் விளையாட்டுத் துப்பாக்கிதான், தாளைத்தான் சுடப்போகிறோம், எலியைக்கூட இல்லை என்று நான் விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

கிளப்பில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு எங்கள் பிள்ளைகளின் வயது. மாநில அளவில் சுட்டவள். சகலை முதல்நாளே அவளுக்குக் கோச்சம்மா என்று பேர் வைத்துவிட்டார். அவள் எங்களை உடனே வாங்க விடவில்லை. கிளப்பில் இருந்த துப்பாக்கிகளை எடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். குழலை ஒடித்து மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் வகை ஒன்று. சுடும்போது முன்னும் பின்னுமாக உதறும், விலை குறைவு, தோளுக்கு வேலை அதிகம். சிலிண்டரில் காற்று அடைத்துவைக்கும் வகை இன்னொன்று. உதறலே தெரியாது, ஆனால் காற்றடிக்க பம்பு வேண்டும், வேலை வந்தால் திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. எது அழகாக இருக்கிறதோ அதை வாங்கிவிடலாம் என்று இருந்தேன்.

அவள் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். “அங்கிள், துப்பாக்கியைக் கண்ணால தேர்ந்தெடுக்காதீங்க. கண்ணை மூடிக்கங்க. உங்க பாட்டுக்குத் தூக்கித் தோள்ல வைங்க. கன்னம் தானாப் போயி உக்காரணும். அப்புறம் கண்ணைத் தொறங்க. குழல் நேராக் குறி அட்டையைப் பாத்துட்டிருந்தா அது உங்க துப்பாக்கி. இல்லன்னா, எவ்வளவு நல்லதா இருந்தாலும் அது வேற யாரோடதோ.” நான் கண்ணைத் திறந்தபோதெல்லாம் என் குழல் சுவரையோ கூரையையோ பார்த்துக்கொண்டிருந்தது. சகலை கண்ணை மூடினார், தூக்கினார், வைத்தார். குழல் அட்டைக்கு நேராக நின்றது. வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள்; கையில் வாங்கிய உடனே, “இது வேணாம்மா, வால் கனக்குது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். முப்பது வருடம் கியர் போட்ட கை. எடையும் சாய்வும் அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. “சூப்பர் அங்கிள்” என்று அவள் கைதட்டினாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தவரைக்கும் அந்த மைதானத்தில் அவரைப் போல ஆள் இல்லை. அன்றைக்கு அதைப் பெருமையாகத்தான் வீட்டில் சொன்னேன்.

அடுத்து, எந்தக் கண்ணால் குறி பார்ப்பது என்ற கேள்வி. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்தில் இருக்கும் ஒன்றைப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு கண்ணை மூட வேண்டும். எந்தக் கண்ணுக்கு அந்தப் பொருள் மறையாமல் இருக்கிறதோ அதுதான் நம் குறிக் கண். எனக்கு வலது. சகலைக்கு இடது வந்தது. கோச்சம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “சில பேருக்கு அப்படித்தான் அங்கிள். கை வலது, கண்ணு இடது. ரெண்டு பக்கமும் வைக்கிற மாதிரிக் கட்டை உள்ள துப்பாக்கியா வாங்கி, இடது தோள்ல வச்சுப் பழகிக்கங்க” என்றாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் மனிதர் அன்றைக்கு முகம் சிறுத்துப்போனார். “இல்லம்மா. நான் வலதுதான். சின்னப் புள்ளையிலேருந்து வலதுலதான் சுடுவேன்” என்றார். அவள் மறுபடி சொன்னாள். அவர் மறுபடி அதையே சொன்னார். கடைசியில் வலது தோளுக்கென்றே செதுக்கிய கட்டை உள்ள ஸ்பிரிங் துப்பாக்கியைத்தான் திருச்சியில் ஒரு கடையில் வாங்கினோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று.

துப்பாக்கியோடு வந்த சாதாரணக் குறிமுனையில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. “ஸ்கோப்பு போட்டாத்தான் சரியா வரும்” என்றார். கடையில் இருந்ததிலேயே அதிகமாகப் பெரிதாக்கிக் காட்டும் ஒன்றை எடுத்தார். புதிதாகச் சுட வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்புதான் அது. பெரிதாகக் காட்டினால் நம் கை நடுங்குவதும் பெரிதாகத் தெரியும். மூச்சு விட்டால் வட்டம் ஊஞ்சலாடும். அது தவிர, அந்தக் கண்ணாடி தூரத்துக்கென்று செய்தது. பத்து மீட்டரில் எல்லாமே கலங்கலாகத்தான் இருக்கும். கோச்சம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “அங்கிள், இது உங்க தப்பில்ல, எனக்குமே மங்கலாத்தான் தெரியுது” என்றாள். அந்த நேரத்தில் சகலையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் இடம் கிடைத்தவர் போல இருந்தார். “பாத்தியா சகல? கண்ணாடிதான்! நான் அப்பவே சொன்னேன்ல!” என்று என் முதுகில் அடித்தார். அன்றைக்குத் திரும்பி வரும்போது டீக்கடையில் இருந்த எல்லாருக்கும் தன் செலவில் வடை வாங்கிக் கொடுத்தார். எனக்கு எதற்கென்று புரியவில்லை.

இரண்டாவது ஸ்கோப் பக்கத்துத் தூரத்துக்கும் ஏற்றபடி திருகி வைத்துக்கொள்ளும் வகை. அதிலும் நடுவில் புகை. திருகினார், துடைத்தார், ஊதினார், வெயிலில் காட்டினார். உள்ளே ஈரம் போயிருக்கும் என்று சொல்லித் திருச்சிக்கு எடுத்துப் போனோம். ஸ்பிரிங் துப்பாக்கி உதறும் உதறலில் சில ஸ்கோப்புகள் உள்ளுக்குள் கழன்றுவிடும் என்பது உண்மை என்பதால், கடைக்காரர் சண்டை போடாமல் மூன்றாவதாக ஒன்றை மாற்றிக் கொடுத்தார். பொறுமையான மனிதர். “அண்ணே, ஒங்களுக்கு என்ன தெரியணும்னு மட்டும் சொல்லுங்க. அதுக்குத் தக்கன குடுத்துர்றேன்” என்றார். சகலை வெளியே போனார். வாசலில் நின்று எதிர்த்த கடைப் பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதங்களில் ஒருநாள் சரக்கு எடுக்க அவர் வண்டியிலேயே புதுக்கோட்டை போனேன். டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை. வலதுபக்கக் கண்ணாடியைப் பார்க்க அவர் கண்ணை மட்டும் திருப்பாமல் முகத்தையே முழுக்கத் திருப்புவதைக் கவனித்தேன். கழுத்துப் பிடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். திருவரங்குளம் தாண்டி ஒரு தென்னந்தோப்பு வளைவில் வலதுபக்கம் ஏறிவந்த மோட்டார் சைக்கிளை வண்டி உரசப் பார்த்தது. கண்டக்டர் கத்தியதும் பிரேக் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. மோட்டார் சைக்கிள்காரர் முன்னால் வந்து நிறுத்தி, “யோவ், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று கத்தினார். மற்ற நாளாக இருந்தால் சகலை அவருக்கு மூன்று தலைமுறைக்கும் சேர்த்துப் பதில் கொடுத்திருப்பார். அன்று, “மன்னிச்சுக்கப்பா” என்றார். வண்டியில் இருந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். “டிரைவருக்கு வயசாயிருச்சு, பணிவு வந்துருச்சு” என்று ஒருத்தர் சொன்னார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் காட்டினோம். வலது கண்ணை மீட்க முடியவில்லை. இடது கண்ணில் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டு, ஒளிக்கதிர் வைத்து, அதைப் பிடித்து நிறுத்தினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டுமே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். வண்டி போனது. ஷெட்டுக்கு அவர் போகவில்லை. என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். பேருந்து நிலையத்துக்குள் வண்டி திரும்பும் சத்தத்தை வைத்தே, “கீரமங்கலம் வண்டி. கிளட்ச்சுத் தட்டு போகப்போவுது, அந்தப் பய கவனிக்க மாட்டேங்கிறான்” என்பார். தான் ஓட்டிய வண்டி வரும்போது மட்டும் எதுவும் சொல்லமாட்டார். என்னிடம் தண்ணீர் கேட்பார். அதே சர்க்கரை அப்புறம் சிறுநீரகத்துக்குப் போனது. போன மார்கழியில் போய்ச் சேர்ந்தார்.

துப்பாக்கி என் வீட்டில் இருக்கிறது. மூன்றாவது ஸ்கோப்பும் அதன் மேலேயே இருக்கிறது. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போகிறேன். கோச்சம்மாவுக்குக் கல்யாணமாகிவிட்டது, வேறொருவர் சொல்லிக்கொடுக்கிறார். புதிதாக வருகிறவர்களிடம் நானும் கண்ணை மூடித் தோளில் வைக்கச் சொல்கிறேன். அவர்கள் பெரிய ஸ்கோப்பைக் கேட்டு அடம்பிடிக்கும்போது சிரித்துக்கொள்கிறேன். என் முறை வந்து குனிந்து பார்த்தால் வட்டம் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்னும் சொல்லி முடிக்கவில்லை. நீயே பாரு என்று அவர் நகர்த்திக் கொடுத்த துப்பாக்கியில் நான் குனிந்து பார்த்தேன். நார்த்தாமலைப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. தாளின் ஓரம் மெல்லப் படபடத்தது. கறுப்பு வட்டம், உள்ளே எண்கள், இரண்டு கோடுகள். வட்டத்தின் குறுக்கே ஒரு கட்டெறும்பு போனது. அதன் காலெல்லாம் தெரிந்தது. நான் யோசிக்கவில்லை. “எறும்பு ஓடுது சகல! தண்ணி மாதிரி இருக்கு, பொகையெல்லாம் ஒண்ணும் இல்லையே” என்றேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். எனக்குப் பின்னால் நின்ற கோச்சம்மாவும் குனிந்து பார்த்துவிட்டு, விலகி அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். அவளுக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சகலை எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் டாக்டர் செய்யச் சொல்வதை அவராகவே செய்தார்.

“ஒஞ் சட்டை தெரியுது. காது ரெண்டும் தெரியுது” என்றார். “மூஞ்சி இல்ல சகல.”

கையை எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை.

“எப்பத்தொட்டு இப்படி இருக்கு?”

“திருவிழாவுக்கு முன்னாடியே. பலூன் கடையில போயி நின்னதே அதுக்குத்தான். ஒரு கண்ணை மூடிப் பாக்குறதுக்கு நாலு பேரு முன்னால வேற என்ன சாக்கு இருக்கு, சொல்லு? டாக்டர்ட்ட போனா அந்தாளு சொல்லிப்புடுவாரு. அப்புறம் சொன்னது சொன்னதுதான். துப்பாக்கின்னா கண்ணாடி மேல பழியைப் போட்டுக்கிட்டு இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு ஓட்டிரலாம்ல.”

“வண்டியை எப்படி ஓட்டுனீங்க?”

“ரெண்டையும் தொறந்திருந்தா அது பாட்டுக்கு இது, இது பாட்டுக்கு அதுன்னு சமாளிச்சுக்கிருது. அந்த மோட்டார் சைக்கிளு வரலைன்னா இன்னும் பயமில்லாம ஓட்டிக்கிட்டுத்தான் இருப்பேன்.” பிறகு, “அவன் பின்னால ஒரு பொம்பளை உக்காந்திருந்துச்சு சகல. மடியில புள்ளை. அன்னைலேருந்து தூக்கமே இல்ல” என்றார்.

அதை நான் அன்றைக்கு வண்டியில் பார்க்கவே இல்லை. அவர் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலையில் வண்டியின் முதல் நடை அவருடையது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுபோகிறவர்களும் ஏறும் நடை. நான் அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணிலிருந்து கையை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, தள்ளிப் பிடித்துத் தேடி, முதலாளியை அழைத்தார்.

“நாந்தான் பேசுறேன் முதலாளி. நாளைக்கு மொத நடைக்கு வேற ஆளைப் போட்டுருங்க” என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். “ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லைங்க. எனக்குக் கண்ணு தெரியலை.” மறுபடி ஏதோ கேட்டார்கள். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டிருக்க வேண்டும். சகலை போனை என் கையில் வைத்து, “நீ பேசு சகல” என்று சொல்லிவிட்டு, எழுந்து மூன்று எட்டுத் தள்ளிப்போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.